சங்கிலிப் பூட்டு

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கே நான் சௌக்கியம். மாடிப்படியைக் கண்டால் முழங்கால் மட்டும் கொஞ்சம் முறைக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ஆஸ்பத்திரி லேபிலேயே டீயைக் குடித்துக் காலம் தள்ளுகிறாயா?

மருமகள் என்று எழுதலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். கையெழுத்துப் போட்டுப் பிரிந்தது நீயும் என் மகனும். என்னிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. அதனால் எழுதிவிட்டேன்.

போன வாரம் போனில், நாம் போட்ட ஏழு நாட்டுத் திட்டத்தில் பாக்கி இருக்கும் இரண்டு நாடுகளைப் பற்றி நான் பேச்செடுத்ததும், "இனிமே அது சரியா வராது அத்தை, விட்டுடுங்க" என்றாய். அப்போது போனை வைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், விட மாட்டேன்.

முதல் பயணத்துக்கு உன்னோடு வர வேண்டியவன் அவன்தான். ஆபீசில் லீவு கிடைக்கவில்லை என்று கையை விரித்தான். அவன் இடத்தில் நான் பையைத் தூக்கினேன். மாமியாரும் மருமகளும் இரண்டாவது நாட்டிலேயே ஆளுக்கொரு பக்கமாகத் திரும்பி வந்துவிடுவோம் என்று சொந்தபந்தமெல்லாம் சிரித்தது. நாம் ஐந்து நாடு சுற்றினோம்.

வழி தப்பியதற்கு நீயா நானா என்று சண்டை போட்டோமே, அந்த ரயில் நினைவிருக்கிறதா? எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம். மூன்று ஸ்டேஷன் கழித்து நீ ஆரஞ்சை உரித்து, முகத்தைத் திருப்பாமலேயே பாதியை என் மடியில் வைத்தாய். அந்தப் புளிப்பு ஆரஞ்சு போல இதுவரை நான் ஒன்றும் தின்றதில்லை. விடுதியில் கீழ்க்கட்டில் கிடைக்காமல் நான் மேல்கட்டிலில் ஏறியதும், காலையில் இறங்கத் தெரியாமல் விழித்ததும், முன்பின் தெரியாத பெண்களெல்லாம் கைதட்டி என்னை இறக்கியதும் இப்போதும் துணிக்கு இஸ்திரி போடும்போது நினைவுக்கு வருகிறது. நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்துச் சலவைக்கடை முதலாளி பயப்படுகிறார்.

ஆனால் எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது பூட்டு விவகாரம்தான். இரண்டு பையையும் கட்டிலோடு சேர்த்துக் கட்ட வாங்கிய சங்கிலிப் பூட்டு. செங்கல் கனம். சின்னப் பெண் சுமக்கிறாளே என்று நீ குளிக்கப் போகும்போது அதை உன் பையிலிருந்து எடுத்து என் பைக்கு அடியில் திணிப்பேன். மறுநாள் பார்த்தால் அது உன் பையிலேயே இருக்கும். மறதி வந்துவிட்டது, இனி என் கதை அவ்வளவுதான் என்று உள்ளுக்குள் நடுங்கிப்போனேன். மூன்றாவது நாட்டில் நான் குளிக்கப் போய், வெந்நீர் வரவில்லை என்று பாதியில் திரும்பி வந்தவள், என் பைக்குள் கையை விட்டுக்கொண்டிருந்த உன்னைக் கையும் களவுமாகப் பிடித்தேன். "உங்க முதுகு வலிக்குமேன்னுதான் அத்தை" என்று திருதிருவென்று விழித்தாய். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். பெற்ற பிள்ளைகூட என் முதுகைப் பற்றி அப்படி நினைத்ததில்லை.

அவன்மேல் எனக்குக் கோபமும் உண்டு, பாசமும் உண்டு. சமாதானம் பேச இதை எழுதவில்லை. வழியில் அவன் பேச்சே வராது, அதற்கு நான் பொறுப்பு. அவனிடமும் சொல்லிவிட்டேன், "உன் கல்யாணம் முடிஞ்சது உன் பாடு, என் பயணம் முடியல" என்று. "என்னமோ பண்ணுங்க" என்றான். முதலாளியிடமும் லீவு சொல்லியாகிவிட்டது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், இருக்கட்டும்.

ஊர் கேட்டால் என்ன உறவென்று சொல்வது என்று தயங்குகிறாய், எனக்குத் தெரியும். முதல் எல்லையில் அதிகாரி என்னைக் காட்டி யார் என்று கேட்டபோது, வீட்டுக்காரரின் அம்மா என்றாய். கடைசி எல்லையில் கேட்டபோது, என் கூட வருகிறவர் என்றாய். முதல் பதில் இனிமேல் செல்லாது. கடைசிப் பதிலை யார் ரத்து செய்தார்கள்?

மழைக்காலம் முடிந்ததும் கிளம்புகிறேன். உன் ஊர் ரயிலடியில் இறங்கி நிற்பேன். நீ வராவிட்டால் தனியாகப் போவேன், ஆனால் எனக்கு அதில் துளியும் ஆசையில்லை. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இரு, கண்ணு. பூட்டை என் பையில் வைத்துவிட்டேன். வந்து திருடிக்கொள்.

இப்படிக்கு,
உன் கூட வருகிறவள்