தாய்மாமன் புடவை

விக்கிரமங்கலம்
23-10-2017

அன்புத் தம்பி சிங்காரவேலுவுக்கு,

அக்கா ராசாத்தி ஆசீர்வதித்து எழுதுவது. சிறுவாச்சூர் மதுரகாளி காப்பில் நானும் உன் மாமாவும் இருக்கிறோம். அரியலூரில் நீயும் வீட்டில் எல்லோரும் சுகம்தானே? உன் மகள் கலைமணிக்கு மாப்பிள்ளை வீடு கூடிவருகிறது என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம்.

இந்தக் காலத்தில் யார் லெட்டர் எழுதுகிறார்கள் என்று நினைப்பாய். போனில் என் மகள் வேணி பேரை எடுத்ததும் உனக்கு டவர் போய்விடுகிறது. லெட்டருக்கு டவர் வேண்டாம்.

பார்சலில் இருப்பது நீ கொண்டுவந்த எட்டு முழ வேட்டி. ஆடி மாதம் கொன்றுபோட்ட என் மகளை வாசலில் கிடத்தியிருந்தபோது, தாய்மாமன் கோடி என்று அதைக் கொண்டுவந்தாய். அவள் மேல் போர்த்தவும் மனசு வராமல் நாற்காலியில் வைத்துவிட்டு, "கேபிள் கன்ட்ரோல் ரூம்ல ஆள் இல்லக்கா, போயிட்டு வரேன்" என்று கிளம்பினாய். மடிப்புக் கலையாமல் இருக்கிறது. கடையில் கொடுத்தால் மாற்றித் தருவார்கள். அன்றைக்கு அவள் மேல் போர்த்தியது சிந்தாமணியம்மாவின் பட்டுப்புடவை. நாம் விரட்டிய பிள்ளையைப் பெரம்பலூரில் இத்தனை வருஷம் மகளாக வைத்திருந்த திருநங்கை அவர். அவருக்குத் தெரிந்த முறை உனக்குத் தெரியவில்லை.

சொல்ல வந்தது அதுவல்ல. தீபாவளி சாயங்காலம் உன் லோக்கல் சேனலைப் போட்டேன். கல்யாண மண்டபத்து அரியமுத்து மகன் மகேஷ் வந்தான். கறுப்புக் கண்ணாடி, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான், சுற்றிப் பூவாணம் சிதறுகிறது. "அனைவருக்கும் இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்." தீமிதி பார்க்க ஊருக்கு வந்த என் பிள்ளையை, பஸ் ஏறப் போன வழியில் கல்லால் அடித்துக் கொன்ற கேஸில், இப்போதுதான் ஜாமீனில் வந்திருக்கிறான். உன் மாமா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். என் வீட்டுக்குள் அவனைக் கூட்டி வந்தது என் கூடப்பிறந்தவன் இழுத்த ஒயர்.

ஊரில் யார் செத்தாலும் உன் சேனலில் கண்ணீர் அஞ்சலி ஓடுகிறது. பாத்திரக்கடைக்காரர் வீட்டு நாய்க்குக்கூடப் போட்டாய். உன் அக்கா மகளுக்குப் போடவில்லை. போட வேண்டும். மஞ்சள் புடவையில் அவள் சிரிக்கிற படத்தை இதற்குள் வைத்திருக்கிறேன். கீழே மூன்று பேர்: அம்மா ராசாத்தி, அப்பா நடராசன், தாய்மாமன் சிங்காரவேலு.

அதுவரை இந்த ஊரில் உனக்குக் கேபிள் வசூல் செய்து தர மாட்டேன். இந்த மாதத்து வசூல் முழுவதும் கணக்கோடு அனுப்பிவிட்டேன். செட்டாப் பாக்ஸுக்கு ஆதார் ஜெராக்ஸ் வாங்கும் வேலைக்கும் வேறு ஆள் பார்த்துக்கொள்.

உன் அக்கா
ராசாத்தி


அரியலூர்
2-11-2017

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சிங்காரவேலு வணங்கி எழுதுவது. பார்சலைப் பிரித்ததும் உன் தம்பி பெண்டாட்டி அழுதுவிட்டாள். கோடியைத் திருப்பி அனுப்புவது நல்லதா அக்கா? சாமி கும்பிடுகிறவள் நீ, உனக்கே தெரியும்.

எனக்குத் துக்கம் இல்லை என்று நினைக்காதே. தோளில் தூக்கிக்கொண்டு திருவிழாவுக்குப் போனவன் நான். ஆனால் என் நிலைமையையும் பார். அரியமுத்து மண்டபத்து விளம்பரத்தில்தான் சேனலே ஓடுகிறது. மகேஷ் வாழ்த்தை நான் பார்க்கவில்லை, கம்ப்யூட்டரில் இருக்கிற ஆள் போட்டுவிட்டான். இனி வராது.

உன் பேச்சையும் தட்டவில்லை. கண்ணீர் அஞ்சலி போடுகிறேன். பத்தாவதில் எடுத்த சட்டைப் படம் என்னிடம் இருக்கிறது, அதை வைக்கிறேன். கலையரசன், அகால மரணம் என்று போடுவோம். பார்க்கிறவர்கள் உச்சுக் கொட்டிவிட்டுப் போவார்கள். யாருக்கும் சங்கடம் இல்லை.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

சிங்காரவேலு


விக்கிரமங்கலம்
22-11-2017

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே மழை. வீட்டுக்குள் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. மற்றபடி சுகம்.

கலையரசன் என்று பேர் வைத்தவள் நான். அவள் அதை எனக்குத் திருப்பிக் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன். என்னிடம் இருப்பதை எடுத்து நீ டிவியில் போட வேண்டாம். அகால மரணம் என்றும் போடாதே. பாம்பு கடித்தவர்களுக்கும் கிணற்றில் விழுந்தவர்களுக்கும் அதைப் போடு. என் மகளைக் கொன்றார்கள். கொல்லப்பட்டாள் என்று போடு. யாருக்கும் சங்கடம் இல்லாமல் போடுவதற்கு அவள் சங்கடம் இல்லாமல் சாகவில்லை.

திங்கட்கிழமை பெரம்பலூர் போனேன். கோயில் திறக்கிற நாள் என்பதால் காலையில் சிறுவாச்சூர் போய், மதுரகாளி சன்னதியில் நானே அரிசி இடித்து மாவிளக்கு ஏற்றினேன். பக்கத்தில் இருந்த அம்மா, "என்ன வேண்டுதலுங்க?" என்றாள். "வேண்டுதல் ஒண்ணும் இல்லம்மா, கணக்கு கேக்க வந்தேன்" என்றேன். விளக்கு அணையும்வரை காளி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் கண்ணை எடுக்கவில்லை.

சாயங்காலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சிந்தாமணியம்மா ஆட்கள் மெழுகுவர்த்தியோடு நின்றார்கள். கொல்லப்பட்ட திருநங்கைகளை நினைத்து உலகம் முழுக்க அன்றைக்கு ஏற்றுவார்களாம். எனக்கு அது தெரியாது. பைக்கில் போனவன் ஒருவன் வண்டியை நிறுத்தி, "என்னங்கடி, கரண்டு போயிடுச்சா?" என்று கத்தினான். சிந்தாமணியம்மா திரும்பிப் பார்த்து, "ஆமாண்டா தம்பி, உங்க ஊர்ல ரொம்ப நாளாவே இல்ல. நீயும் ஒண்ணு புடிக்கிறியா?" என்றார். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். அந்த இடத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் செத்த பிறகு சிரித்தது அன்றைக்குத்தான்.

ஒவ்வொருத்தியாகப் பேர் சொன்னார்கள். சிலருக்கு ஊர் தெரியவில்லை. சிலருக்குப் போலீஸ் தாளில் இருக்கிற ஆண் பேர் மட்டும்தான் தெரியும், அவள் ஆசையாக வைத்துக்கொண்ட பேரைச் சொல்ல ஆளே இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு என்று ஒரு மெழுகுவர்த்தியைத் தனியாக ஏற்றி வைத்தார்கள். கடைசியில், "எங்க வேணி பேர நீங்களே சொல்லுங்கக்கா" என்றார் சிந்தாமணியம்மா. அன்றுவரை வெளியிடத்தில் நான் அந்தப் பேரைச் சத்தமாகச் சொன்னதில்லை. சொன்னேன். டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

பஸ் செலவும் மெழுகுவர்த்திச் செலவும் வீட்டு நோட்டில் வேணி என்று தலைப்புப் போட்டு எழுதியிருக்கிறேன். உன் மாமா பார்த்தார். நோட்டை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

உன் அக்கா
ராசாத்தி


அரியலூர்
18-1-2018

அக்காவுக்கு,

வணக்கம். பொங்கலுக்கு வர முடியவில்லை. வரிசை வைக்க வந்தால் வாசலில் நிறுத்திக் கேட்பாய் என்று பயம், உண்மையைச் சொல்லிவிட்டேன்.

தை கடைசி வெள்ளியோடு பழைய லைன் நிற்கிறது. அதற்கப்புறம் பாக்ஸ் இருந்தால்தான் படம், இல்லாவிட்டால் புள்ளிதான். சேனல் எல்லாம் எங்கேயோ இருந்து வரும். அதில் நம் லோக்கல் சேனலுக்கு இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பதினாறு வருஷமாக நான் நடத்தினது அன்றோடு சரி. இனி நான் வசூல் ஏஜென்ட், அவ்வளவுதான்.

இந்த நேரத்தில் உன் தெருவில் பாதி வீடு பாக்ஸ் வாங்க மாட்டேன் என்கிறது. நீ என்ன சொன்னாய் அவர்களிடம்? அரியமுத்து ஆபீசுக்கே வந்து, "ஒங்க அக்காவ அடக்கி வைப்பா" என்றார். கலைமணிக்கு வைகாசியில் கல்யாணம். மண்டபம் அவருடையது. தேதி கொடுத்திருக்கிறார். தகப்பன் இடத்தில் இருந்து யோசித்துப் பார்.

அடம் பிடிக்காதே அக்கா. செத்தவர்கள் திரும்பி வரப்போவதில்லை.

சிங்காரவேலு


விக்கிரமங்கலம்
11-2-2018

தம்பி சிங்காரவேலுவுக்கு,

அக்கா எழுதுவது. நான் யாரையும் வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏன் நீங்க வாங்கலைன்னு கேட்டார்கள், ஏன் என்று சொன்னேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுநாளே பாக்ஸுக்கு எழுதிக் கொடுத்தார்கள். சிலர் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பூமாலை, "உன் வைராக்கியத்துல என் சீரியல் மாட்டிக்கிச்சுக்கா. அவ புருசன் ஆஸ்பத்திரியில இருக்கான், பொழைப்பானா மாட்டானான்னு தெரியாமப் போயிடும்போல" என்று புலம்பினாள். ஆனாலும் வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்துவிட்டுத்தான் டிவியைப் போட்டேன். பழைய லைனின் கடைசிச் சாயங்காலம், என்னதான் காட்டுகிறாய் பார்ப்போம் என்று. நகைக்கடை, உரக்கடை, யாருக்கோ காதணி விழா. பிறகு என் மகள் வந்தாள்.

மஞ்சள் புடவையில், அந்தச் சிரிப்போடு. "கொல்லப்பட்ட எங்கள் மகள் வேணிக்குக் கண்ணீர் அஞ்சலி." போய்விடும், அடுத்த விளம்பரம் வரும் என்று நினைத்தேன். போகவில்லை. நின்றாள். பூமாலை பின்கட்டிலிருந்து, "ராசாத்தியக்கா, வேணி! வேணி வந்திருக்கா பாரு!" என்று கத்தினாள். அவள் வாயில் அந்தப் பேர் வந்தது அன்றைக்குத்தான். வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். திறந்த கதவு எல்லாவற்றிலும் மஞ்சள் வெளிச்சம். அரியமுத்து வீட்டுக்கும் அதே ஒயர்தானே. அவர்கள் வீட்டு டிவி மட்டும் படக்கென்று அணைந்தது. வேறு எந்த வீட்டிலும் அணைக்கவில்லை.

உள்ளே வந்தால் உன் மாமா டிவிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்திருக்கிறார். "இது எப்ப எடுத்த படம்?" என்றார். பிள்ளையைப் பற்றி அவர் என்னிடம் ஒன்று கேட்டு எட்டு வருஷம் இருக்கும். புள்ளி வரும்வரை இரண்டு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். புள்ளி வந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

நன்றாகச் செய்தாய் தம்பி. அதைச் சொல்லிவிட்டேன். இனி மற்றதைச் சொல்கிறேன்.

படத்துக்குக் கீழே அம்மா ராசாத்தி, அப்பா நடராசன் என்று இருந்தது. அதற்கடுத்த வரி காலியாக இருந்தது. அழிக்கக்கூட இல்லை, இடம் விட்டிருந்தாய். சேனலே போய்விடும் என்று தெரிந்த நாளில்தான் அவளைக் காட்டினாய், அதிலும் உன் பேரை வைக்கவில்லை.

நம் வீட்டில் கன்னியாகப் போன பெண்ணைப் பூவாடைக்காரியாக வைத்துக் கும்பிடுவது உனக்குத் தெரியும். புடவையும் பூவும் வைத்துப் படைத்துத்தானே எந்த நல்ல காரியத்தையும் தொடங்குகிறோம். வருகிற ஆடி மூன்றாம் வெள்ளி வேணியை எங்கள் வீட்டுப் பூவாடைக்காரியாக வைக்கப்போகிறேன். பூசாரி, "அதெல்லாம் பொம்பளப் புள்ளைக்குத்தாம்மா" என்றார். "அதனாலதான் வைக்கிறேன்" என்றேன். அவர் வராவிட்டால் நானே சூடம் காட்டிக்கொள்வேன். கோயில் சுவரில் இருக்கிற பாட்டைக் கூட்டிக் கூட்டிப் படித்து எழுத்துக் கற்றவளுக்கு, நாலு வரி சாமி பாட்டு தெரியாதா?

படைக்கிற புடவை தாய்மாமன் எடுத்து வருவது முறை. நீ வந்தால் அவளுக்குத் தாய்மாமன். வராவிட்டால் சிந்தாமணியம்மா எடுத்து வருவார், அந்த வரியில் அவர் பேர் இருக்கும். உனக்காக நான் இடம் விட்டு வைக்க மாட்டேன்.

ராசாத்தி


அரியலூர்
9-7-2018

அக்காவுக்கு,

ஐந்து மாதமாகப் பதில் எழுதவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன்.

பேர் போடாவிட்டால் தெரியாது என்று நினைத்தேன். மறுநாள் காலையிலேயே அரியமுத்து மண்டபத் தேதி இல்லை என்று சொல்லிவிட்டார். கலைமணி கல்யாணத்தைக் கல்லங்குறிச்சிக் கோயிலில் முடித்தோம். பத்திரிகை அனுப்பினேன், நீ வரவில்லை. தாலி கட்டுகிறவரைக்கும் கலைமணி, "அத்தை வந்துட்டாங்களா, அத்தை வந்துட்டாங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கோயிலுக்குள் நுழையும்போது அவள் என்னிடம், "வேணி இருந்திருந்தா எனக்கு அதுதானப்பா பூ வச்சு விட்டிருக்கும்" என்றாள். இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது.

நேற்று ஜவுளிக்கடைக்குப் போனேன். கடைப்பையன் யாருக்கு என்றான். அக்கா மகளுக்கு என்றேன். என்ன கலர் என்றான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

வேணிக்கு என்ன கலர் அக்கா பிடிக்கும்?

சிங்காரவேலு


விக்கிரமங்கலம்
13-7-2018

அன்புத் தம்பி சிங்காரவேலுவுக்கு,

அக்கா ஆசீர்வதித்து எழுதுவது. கலைமணியையும் மாப்பிள்ளையையும் ஆடிக்கு அழைத்திருப்பாய். படையலுக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு வா. கல்யாணத்துக்கு வராதது என் கோபம்தான். கலைமணியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

மாம்பழ மஞ்சள். அரக்கு பார்டர். பட்டு வேண்டாம், கட்டிக்கொண்டு வேலை செய்ய முடியாது என்பாள். சுங்குடி எடு. நல்ல அகலமாக எடு, அவள் உயரம்.

பையில் சுற்றி எடுத்து வராதே. வேனில் வந்து வாசலில் இறங்காதே. பஸ் ஸ்டாப்பில் இறங்கி, தாம்பாளத்தில் புடவையை விரித்து மேலே பூ வைத்து, வெயில் இருக்கும்போதே நடந்து வா. அவள் கடைசியாக நடந்த வழி அதுதான். சிந்தாமணியம்மாவும் அவர் ஆட்களும் ஸ்டாப்பிலேயே உனக்காக நிற்பார்கள். மேளத்துக்குச் சொல்லிவிட்டேன். அந்த வழியில் அரியமுத்து வீட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். அங்கே மேளம் கொஞ்சம் நின்று அடிக்கட்டும். யாராவது வெளியே வந்து யாருக்குப் புடவை என்று கேட்டால், அக்கா மகள் வேணிக்கு என்று சொல்.

நான் வாசலில் நிற்பேன். நீ சொல்வது எனக்குக் கேட்க வேண்டும்.

உன் அக்கா
ராசாத்தி