திரும்பி வரச் சொன்ன அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும்.

தம்பி மூலம் நீங்கள் சொல்லியனுப்பிய நான்கு வரிகள் கிடைத்தன. விடுப்பு முடிந்து ஒன்றாம் தேதி ஆபீசில் சேர வேண்டும், இல்லையென்றால் என் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவார், சொந்தக்காரர்களிடம் தலை காட்ட முடியவில்லை, ஊர் சுற்றியது போதும். முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். இழுத்துக்கொண்டு போனால் பாதியில் கிழித்துப் போட்டுவிடுவீர்கள். நான் சேரப்போவதில்லை. ராஜினாமாவை நேற்றே அனுப்பிவிட்டேன். இனி கோபப்பட்டுக்கொண்டே மீதியைப் படியுங்கள்.

ஊர் சுற்றுவதாகச் சொல்கிறீர்கள். இந்த நாட்டுக்கு வந்த எட்டு மாதத்தில் நான் சுற்றியது என் அறையிலிருந்து பயிற்சி மையம் வரைக்கும்தான், நடந்தால் பதினைந்து நிமிஷம். பெரிய சலவை நிலையம் ஒன்றில் வேலை செய்யும் பதினொரு பெண்களுக்கு ஆங்கிலம் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆளுக்கொரு நாட்டிலிருந்து வந்தவர்கள். சண்டை போடுகிற அளவுக்கு ஆங்கிலம் பேசுவார்கள், ஆனால் படிக்கத் தெரியாது. முதல் வாரம் மையத்தில் கொடுத்த பாடப் புத்தகத்தை வைத்து நடத்தினேன். வெள்ளிக்கிழமைக்குள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். பிறகு ஒருத்தி, எங்கள் பையில் இருப்பதைப் படிக்கலாமா என்று கேட்டாள். மருந்துச் சீட்டு, பிள்ளையின் பள்ளிக்கூடத்து நோட்டீஸ், வீட்டுச் சொந்தக்காரர் போட்ட கடிதம் என்று மேஜை நிறைந்துவிட்டது. அன்றிலிருந்து அதுதான் பாடம்.

வகுப்பிலேயே மூத்தவரை நான் பெரியக்கா என்று கூப்பிடுவேன். படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடும் சூடான உருளையில் அவருடைய கை சிக்கி வெந்துவிட்டது. கட்டோடு வேலைக்குப் போன அன்று மேலாளர் விபத்து அறிக்கை என்று ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். இத்தனை வருஷமும் நீட்டிய தாளில் எல்லாம் போட்டவர், அன்றைக்குப் படித்துவிட்டுத் தருகிறேன் என்றாராம். மேலாளர் சிரித்தாராம். விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்க இருபது நிமிஷம் ஆகியிருக்கிறது. அதில் 'கவனக்குறைவு' என்று ஒரு சொல். முந்தின வாரம்தான் வீட்டுச் சொந்தக்காரர் கடிதத்தில் அந்தச் சொல்லைப் படித்திருந்தோம். பெரியக்கா தாளைத் திருப்பிக் கொடுத்து, "நான் கவனமாத்தான் இருந்தேன். மெஷின்ல தடுப்புத் தகடு இல்ல. அத எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் மையத்தின் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. ஆனால் மையத்தின் மேஜை நாற்காலி முழுக்கச் சலவை நிலைய முதலாளி கொடுத்தது. "எழுத்த மட்டும் சொல்லிக் குடுங்க. எதப் படிக்கணும்னு நீங்க சொல்ல வேண்டாம்" என்றார். முதலாளிக்கு நான் கொடுக்க வேண்டிய மன்னிப்புக் கடிதத்தைத் தயாராக அடித்தே வைத்திருந்தார். நானும் படித்துவிட்டுத் தருகிறேன் என்றேன். படித்தேன். கையெழுத்துப் போடாமல் திருப்பி வைத்தேன். அடுத்த நாள் எங்கள் வகுப்பறையில் பூட்டு தொங்கியது.

ஏன் பிடிவாதம் பிடித்தாய் என்று கேட்பீர்கள். உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் கணவனை இழந்த ஒரு பெண்ணின் இன்சூரன்ஸ் விண்ணப்பம் என் மேஜைக்கு வந்தது. யாரோ நிரப்பிக் கொடுத்தது, ஒரு கட்டத்தில் தப்பாக டிக் அடித்திருந்தது. விதிப்படி நிராகரித்தேன். கடிதத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பெண் நேரில் வந்து, "இதுல என்னம்மா எழுதியிருக்கு?" என்று கேட்டாள். எல்லாம் அதிலேயே இருக்கிறது, படித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அந்த மாதம்தான் எனக்குப் பதவி உயர்வு. நீங்கள் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அந்த நாற்காலியைத்தான் விடாதே என்கிறீர்கள், அப்பா.

பூட்டைப் பார்த்துவிட்டு நாங்கள் பன்னிரண்டு பேரும் நோட்டோடு நடைபாதையில் நின்றோம். எதிரே முடிதிருத்தும் கடை. கடைக்காரர் வந்து விசாரித்தார். அவருக்குத் திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாளும் ஐந்து மணிக்கு மூடிவிடுவார். தரையைக் கூட்டிவிட்டுப் போக வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு சாவியைக் கொடுத்துவிட்டார். கரும்பலகைக்குப் பதில் கண்ணாடி, சாக்பீசுக்குப் பதில் சோப்புத் துண்டு. சுழல் நாற்காலிக்கு மட்டும் தினமும் அடிதடி. கடைக்காரர் மூலையில் கத்தரியைத் துடைப்பதுபோல் உட்கார்ந்திருப்பார். ஒரே கத்தரியை ஒரு மணி நேரம் துடைத்தால் என்ன அர்த்தம்? அவருக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.

அந்தக் கடையில்தான் தொழிலாளர் துறைக்குக் கடிதம் எழுதினார்கள். ஏழு வரி, ஒன்பது பிழை. நான் திருத்தப் போனேன், விட மாட்டேன் என்றார்கள். தாங்களே எழுதியது என்று தெரியட்டுமாம். இன்ஸ்பெக்டர் வந்தார். உருளைகள் எல்லாவற்றுக்கும் தடுப்புத் தகடு போட்டாயிற்று. பெரியக்காவின் அறிக்கையும் திருத்தப்பட்டது. கையெழுத்துப் போட அவர் அவசரப்படவே இல்லையாம், மேலாளர் பேனாவைத் திரும்ப வாங்கக் கையை நீட்டிக்கொண்டே நின்றாராம்.

எல்லாம் ஜெயம் என்று கதை விடவில்லை. பெரியக்காவைத் துணி மடிக்கும் பகுதிக்குத் தள்ளிவிட்டார்கள். பயந்துபோய் இரண்டு பேர் வகுப்புக்கு வருவதில்லை. பொறுப்பாளர் என்னைக் கண்டால் எதிர்ப் பக்கம் போய்விடுகிறார். ஆனால் நகர நூலகம் ஒரு அறை தருகிறது. தன்னார்வ ஆசிரியை என்று என் பெயரையும் பதிந்துகொண்டார்கள். அதனால் இன்னும் ஒரு வருஷம் இங்கேதான் இருக்கப்போகிறேன். நாற்பத்திரண்டு வயதில் புத்தி கெட்டுப்போச்சு என்று யாராவது சொன்னால், ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். நான் கம்பெனி வேலையாக வெளிநாடு போயிருப்பதாக மட்டும் இனி சொல்லாதீர்கள்.

இன்னொன்று. உங்கள் கண் ஆப்பரேஷன் தேதியை என்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கினீர்களாம். அம்மா அன்றைக்கே சொல்லிவிட்டாள். டிக்கெட் எடுத்துவிட்டேன். பத்து நாள் இருப்பேன். நாலு வேளை சொட்டு மருந்து விட வேண்டும், தம்பிக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும், அவனை நம்பி உங்கள் கண்ணை விட முடியாது. என்னோடு பேச வேண்டாம். நான் விடும்போது கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டால் போதும். பதினோராம் நாள் நானே கிளம்பிவிடுவேன்.

ஆனால் அப்பா, நான் வந்து மணியடிக்கும்போது அம்மாவை அனுப்பாதீர்கள். நீங்களே வந்து கதவைத் திறங்கள்.

சொன்ன பேச்சைக் கேட்காத
உங்கள் மூத்த மகள்