பச்சை நூல் கட்டிய கேசட்

1996 மே 14

ஜெர்மனியிலிருந்து கடித நண்பன் யூர்கன் அனுப்பிய கேசட் வந்தது. உப்புத்தாளில் சுற்றி, மேலே 22/40 என்று பேனாவால் எழுதியிருக்கிறான். உலகத்திலேயே நாற்பதுதான், அதில் ஒன்று கேகாலைப் பக்கத்து றப்பர் தோட்டத்து லயத்து வீட்டில்! பாட்டு இல்லை, தாளம் இல்லை. அரை மணி நேரமும் ஒரே இரைச்சல், மெல்ல மெல்லத் தடித்துக்கொண்டே போகிறது. அத்தான் பால் வெட்டப் போனதும் காம்பராக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன்.

வாளியை மறந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

"என்னா மச்சான், செட்டு கெட்டுப் போச்சா?"

"ஆமாங்க அத்தான், பாத்துக்கிட்டிருக்கேன்."

எனக்கு இருபத்தாறு வயசு. என்ன கேட்கிறேன் என்று சொல்லக்கூட வெட்கம்.

மே 20

உங்கள் ஊர்ச் சத்தம் ஒன்றைப் பதிந்து அனுப்பு, அடுத்த தொகுப்பில் சேர்க்கிறேன் என்று யூர்கன் எழுதியிருக்கிறான். எனக்கு யோசிக்கவே தேவையில்லை. ஃபக்டரியில் நான் நிற்கிற, றப்பரைத் தகடாக நசுக்கும் உருளை மெஷின்தான். உறைந்த பால் கட்டி உள்ளே போகும்போது அதன் குரல் இறங்கி, வெளியே வந்ததும் ஏறும். அதைக் கேட்க இந்தத் தோட்டத்தில் எனக்கு மட்டும்தான் காது இருக்கிறது என்று ஒரு திமிர்.

மே 23

செய்துவிட்டேன்.

வெறும் கேசட் கைவசம் இல்லை. கேகாலைக்குப் போக ஞாயிறு வரை பொறுக்கவும் முடியவில்லை. தகர டப்பாவிலிருந்து அக்காவின் கேசட் ஒன்றை எடுத்தேன்.

மல்லிகா அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருசம். எழுதத் தெரியாது, பேசித்தான் அனுப்புவாள். சிவப்பு நூல் கட்டியிருந்தால் எல்லோருக்கும். பச்சை நூல் என்றால் மகள் ஷாமிளாவுக்கு மட்டும். மேலே யாரும் பதிந்துவிடக் கூடாதென்று, கேசட் வந்த அன்றே அத்தான் பால் வெட்டும் கத்தியால் அதன் முதுகிலுள்ள இரண்டு காதையும் உடைத்துவிடுவார். உடைத்த ஓட்டையில் செலோடேப் ஒட்டி, செட்டை ஃபக்டரிக்குக் கொண்டுபோய் உருளைச் சத்தத்தை அதன் மேலேயே பதிந்தேன். தெரியாமல் செய்யவில்லை. பிள்ளை பத்துத் தடவை கேட்டாயிற்று, அடுத்த மாதம் அக்கா இன்னொன்று அனுப்புவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செட்டில் பெட்டரி இறங்கிப்போயிருந்தது. அதையும் பொருட்படுத்தவில்லை.

பச்சை நூலை எறிய மனம் வரவில்லை. நான் எழுதுகிற இந்தக் கொப்பிக்குள் இருக்கிறது.

மே 24

தபாலில் போட்டாயிற்று.

ஜூலை 9

அக்காவிடமிருந்து மூன்று மாதமாக ஒன்றும் இல்லை. அத்தான் இன்றைக்கு டப்பாவைத் திறந்தார்.

"பச்ச நூலு கேசட்டக் காணோமே. பாப்பா, நீயா எடுத்த? கானுக்குள்ள போட்டுட்டியா?"

ஷாமிளா அதைக் கையில் வைத்துக்கொண்டு திரிகிறவள்தான். ஆறு வயசுப் பிள்ளை. முதுகில் இரண்டு அடி.

நான் அங்கதான் இருந்தேன். கையில டீ. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? சொல்லல. டீயக் குடிச்சு முடிச்சேன். மனுசனா நான்?

ஜூலை 10

பாப்பா லயத்து வாசல் சாக்கடைக் கானுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறாள்.

அக்டோபர் 3

அக்காவை அனுப்பிய கொழும்பு ஏஜென்சியில் விசாரிக்கிறோம் என்கிறார்கள், போன மாதம் சொன்ன மாதிரியே. அத்தான் சிவப்பு நூல் கேசட்டைப் போட்டார். பாதியில் நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டார். பச்சை நூலைப் பார்க்கப் பயந்து இந்தக் கொப்பியைத் தொடாமலே இருந்தேன்.

1997 ஜனவரி 16

தொகுப்பு வந்துவிட்டது. 7/40. இரண்டாவது என்னுடையது. "இயந்திரத்துக்கு அடியில் பேசுகிற பெண் யார்? எல்லோரும் கேட்கிறார்கள்" என்று யூர்கன் எழுதியிருக்கிறான்.

எந்தப் பெண்? போட்டுக் கேட்டேன். பெட்டரி இறங்கியிருந்ததால் பழையது முழுதாக அழியவில்லை. உருளைக்கு அடியில் அக்கா.

"பாப்பா... பல்லு விழுந்துச்சா... அம்மா வந்துருவேன்டா, நீ அழுவாம..."

அவள் பிள்ளைக்கு மட்டும் சொன்னதை முகம் தெரியாத நாற்பது பேர் கேட்கிறார்கள். நான்தான் கொடுத்தேன்.

ஜனவரி 17

பச்சை நூலை அந்தக் கேசட்டில் கட்டி அத்தானிடம் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"எங்கிட்ட என்னத்துக்குச் சொல்ற? பாப்பாகிட்டப் போய்ச் சொல்லு."

சொன்னேன்.

"அப்ப நான் தொலைக்கலயா மாமா?"

பெப்ரவரி 20

தினமும் அதைத்தான் போடச் சொல்கிறாள். அத்தான் என்னோடு பேசுவதில்லை.

ஏப்ரல் 25

அக்கா வந்து நாலு நாள். வேலை செய்த வீட்டில் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, கேசட் அனுப்பவும் விடவில்லையாம். உடம்பு பாதியாகிவிட்டது. பாப்பா கிட்டப் போகவே மாட்டேன் என்கிறாள்.

"நீங்க எங்கம்மா இல்ல. எங்கம்மா பேசுனா மெஷினு ஓடும்."

அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் என்னைப் பார்த்தார். அக்காவின் காலடியில் உட்கார்ந்து முழுக்கவும் சொன்னேன். அக்கா எழுந்து போய்த் துணி துவைத்தாள்.

ஏப்ரல் 26

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஃபக்டரி வாசலில் அக்கா. இடுப்பில் பாப்பா, இறங்கத் திமிறிக்கொண்டு. என் உருளைக்குக் கிட்ட வந்து நின்று, பிள்ளையின் காதில் வாயை வைத்துப் பேச ஆரம்பித்தாள். பாப்பா திமிறுவதை நிறுத்தினாள். கொஞ்சம் கழித்து அவள் கை அக்காவின் கழுத்தைச் சுற்றிக்கொண்டது.

சாப்பாட்டுச் சங்கு ஊதியது. மற்ற உருளைகளெல்லாம் நின்றன. என்னுடையதை நான் நிறுத்தவில்லை.