தீக்கு ஏது கை

மதினி,

தீப்பெட்டியைத் திறந்ததும் மருந்து வாசம் வந்தது. உள்ளே குச்சி இல்லை, உங்கள் சிவப்புப் பகடை. தீக்கென்று தனியாக வைத்திருந்தீர்களே, அதுதான். உங்கள் காரியம் முடிந்தபின் நம் பேத்தி கொண்டுவந்து என் கையில் வைத்தாள். உங்கள் மூக்குத்தியைத் தந்திருந்தால்கூட இப்படிக் கூசியிருக்காது.

உங்கள் மகன், என் மருமகன், பெங்களூரிலிருந்து வாங்கிவந்த விளையாட்டு. உத்தமபாளையத்தில் உங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேசம் எடுத்துக்கொள்வோம். கதையை நீங்கள் சொல்வீர்கள், காயக் கணக்கைப் பகடை சொல்லும். நான் வில்லுக்காரி, பேத்தி ஈட்டிக்காரி. அதை வாங்கிவந்த கோடை முழுக்க ஒரு மலைப்பூதத்தைத் துரத்தினோம். "என் ஈட்டியிலதான் அது சாகும்" என்று சோற்றுத் தட்டு முன்னாலும் சொல்லிக்கொண்டிருந்தாள் பிள்ளை.

நான் கம்பத்துக்குத் திரும்பும் நாளன்று தீ அம்பு விட்டேன். அம்பு பாய்ந்த காயத்தோடு என் வில்லுக்காரியின் கைபலத்துக்கான இரண்டையும் கூட்டிப் பூதத்தின் உயிரில் கழித்தீர்கள். பூதத்துக்கு மிச்சம் ஐந்து உயிர். அப்புறம் தீ சுட்டதற்குச் சிவப்புப் பகடை உருட்டினேன். மூன்று.

"இதுக்கும் ரெண்டு சேருங்க மதினி."

"அம்புக்குத்தான் சேத்தாச்சே. இழுத்து விட்டது உங்க கை. சுடுறது தீ. தீக்கு ஏது கை?"

"கத்திரிக்காய்க்குக் கருவேப்பிலை கொசுறு வாங்கினா, தக்காளிக்குத் தனியாக் கேக்கமாட்டமா?"

எல்லாரும் சிரித்தார்கள். மருமகனும் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. "அஞ்சாப்புப் படிச்சவளுக்குக் கணக்குத் தெரியாதுன்னு நினைச்சீகளோ?" என்று கேட்டுவிட்டேன்.

சிரிப்பு நின்றது. நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். "பொண்ணைக் குடுத்தவுக சொன்னாச் சரிதான். சேத்துக்கங்க" என்றீர்கள்.

"அப்பத்தா, அது ரூலே இல்லையே!"

"சும்மா இருடி."

பூதம் விழுந்தது. ஒருவரும் கை தட்டவில்லை. அடுத்த முறைக்காகக் கையில் பொத்தி வைத்திருந்த பகடையைப் பிள்ளை பெட்டிக்குள் போட்டுவிட்டு எழுந்து போனாள். அடுத்த கோடையில் அந்தப் பெட்டியை யாரும் இறக்கவில்லை. நானும் கேட்கவில்லை, எந்த முகத்தோடு கேட்பது?

அன்று பஸ் ஏறும்போது என் பையில் ஒரு கொத்துக் கருவேப்பிலையைச் சொருகி, "கொசுறு, மதினி" என்று சிரித்தீர்கள். நீங்கள் கோபப்பட்டிருக்கலாம். கம்பம் வரைக்கும் அந்த வாசத்தோடு தலை நிமிராமல் வந்தேன்.

பேத்தி இப்போது கல்லூரிக்குப் போகிறாள். நேற்று அவள் கதை சொல்ல, நான் மறுபடி வில்லுக்காரி. எதிரில் ஒரு ஓநாய், என் தீ அம்பு பாய்ந்தபின் அதற்கு மிச்சம் நாலு உயிர். தீ சுட்டதற்கு உங்கள் பகடையை உருட்டினேன்.

"அம்மாச்சி, ரெண்டு சேத்துக்கவா?" என்றாள். கேலியா, உங்களிடம் கற்ற மரியாதையா, தெரியவில்லை.

"வேண்டாம்த்தா. தீக்கு ஏது கை?"

நிமிர்ந்து பார்த்தாள். ஓநாய் என் வில்லுக்காரியைக் கடித்துக் கொன்றது.

பகடையில் விழுந்தது இரண்டு. இரண்டு என்றே சொன்னேன், மதினி.