எதற்குச் சிரித்தான்?

மார்ச் 4

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கட்டி காணோம்மா. மருந்து கேட்டிருக்கு. இனிமே ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்."

என் வீட்டுக்காரர் அங்கேயே அழுதுவிட்டார். நான் கைப்பை ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கோடை தாண்டுவது கஷ்டம் என்று சொன்னதும் இதே டாக்டர்தான்.

மார்ச் 6

சந்தோஷப்பட வேண்டும். தெரிகிறது. வரவில்லை. என்ன ஜென்மம் நான்?

மார்ச் 11

அண்ணி பார்க்க வந்தார், இனி எனக்கெதற்கு என்று நான் கொடுத்த பச்சைப் புடவையிலேயே. பாதிப் பேச்சில் அது நினைவுக்கு வந்து அவருக்கு முகம் வெளிறியது. "திருப்பிக் கொடுத்துடட்டுமா?"

"உங்களுக்குத்தான் எடுப்பா இருக்கு அண்ணி, வச்சுக்குங்க."

புடவைகள் போயாயிற்று. கண்ணாடிக் கடை வேலையையும் விட்டாயிற்று. எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டு, வாசலோடு திரும்பி வந்து அசடு வழிந்து நிற்பவள்போல இருக்கிறேன்.

மார்ச் 19

சண்டை. "இன்னும் என்னடி வேணும் உனக்கு?" என்றார்.

"தெரியலைங்க. சத்தியமா தெரியல. சாகறதுக்கு ஒரு வழியா மனச தேத்திக்கிட்டேன். இதுக்கு யாரும் என்னைத் தயார் பண்ணலையே!"

சாப்பிடாமலே பஸ் ஓட்டப் போய்விட்டார். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ? ஆனால் அதுதானே உண்மை?

ஏப்ரல் 2

எதிர்வீட்டுக்குப் புதிதாக ஒரு இளம் ஜோடி வந்திருக்கிறார்கள். இருவருக்குமே காது கேட்காது. லிஃப்ட் வாசலில் அவள் விரல்களால் என்னவோ சொன்னாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், காய்கறிப் பை கீழே விழுந்தது.

அப்படி என்னதான் சொல்லியிருப்பாள்? யோசனையில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

ஏப்ரல் 3

இன்றும் அதே யோசனை. எதையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியே எத்தனை காலம் ஆகிறது! இது நல்லதா, கிறுக்கா?

ஏப்ரல் 10

அவர்கள் வீட்டு மணியை அழுத்தினால் சத்தம் வராது, உள்ளே விளக்கு எரியும். அவள் வந்தாள். 'அன்றைக்கு லிஃப்ட் வாசலில் எதற்குச் சிரித்தீர்கள்?' என்று போனில் எழுதிக் காட்டினேன். மானம் போயிற்று.

அவள் எழுதினாள்: 'கையால் சொன்னால்தான் சிரிப்பு வரும். கற்றுக்கொள்கிறீர்களா? நன்றாகப் பேச இரண்டு வருஷமாகும்.'

'யோசித்துச் சொல்கிறேன்' என்று எழுதிவிட்டு வந்துவிட்டேன். இரண்டு வருஷம்! என்னிடம் இருக்கிறதா? யாரைப் போய்க் கேட்பது?

ஏப்ரல் 11

இருக்கிறதா என்று இன்னும் தெரியாது. போனேன்.

மே 20

'எனக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது' என்று கையால் சொல்லப் பார்த்தேன். 'நான் ஆடாக இருந்தேன்' என்று வந்ததாம். அவள் தரையில் உட்கார்ந்தே விட்டாள். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடித்ததும் பயம். இப்படி ஒட்டிக்கொண்டுவிட்டு, மறுபடி அது வந்தால்?

ஜூன் 17

லிஃப்ட் ஜோக் புரிந்துவிட்டது. அவள் மாமியார் குறட்டையில் கட்டிலே அதிர்வதைப் பற்றி. இதற்கா!

இவரிடம் செய்து காட்டினேன். "உனக்கு முத்திடுச்சு" என்றார். ஆனால் 'இன்னொரு தடவை காட்டு' என்றும் கேட்டார்.

ஜூலை 8

செப்டம்பரில் ஸ்கேன். நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. அதில் எந்த மாற்றமும் இல்லை.

இன்று எதிர்வீட்டுப் பெண் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். நாலாம் மாதம். பிறந்த பிறகு அவள் கேக் கடை வேலைக்குத் திரும்பும்போது, பகலில் குழந்தையை நான் பார்த்துக்கொள்வேனா என்று கேட்டாள். குழந்தையிடம் வாயாலும் யாராவது பேச வேண்டுமாம்.

சரி என்றேன், கையால், சட்டென்று.

வீட்டுக்கு வந்து காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது: அவள் கேட்டது அடுத்த வருஷத்தை.