பின்வாங்கிய தளபதியின் வீரம்

என் அருமை மகளுக்கு,

இன்று அலுவலகத்தில் நான் ஒரு போரில் வென்றேன் என்பதை மிகுந்த பெருமிதத்துடன் அறிவிக்கிறேன்.

எங்கள் நிறுவனம் உருவாக்கும் கணினி விளையாட்டில் வரும் பழங்காலத் தளபதிகளுக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதுபவள் நான் என்பதை நீ அறிவாய். அவர்களுள் ஒருவர், தோல்வி உறுதி என்று கண்டதும், ஓர் உயிரும் குறையாமல் படை முழுவதையும் ஆற்றைக் கடக்க வைத்து நாடு திரும்பியவர். விளையாட்டை வடிவமைக்கும் இளைஞர், அவருடைய வீரத்துக்கு மிகக் குறைந்த மதிப்பெண் இட்டிருந்தார்.

"ஓடி வந்தவருக்கு வீரம் எங்கக்கா இருக்கு?" என்றார்.

"செத்தாத்தான் வீரன்னா, உங்க விளையாட்டை யாருப்பா ரெண்டாவது தடவை ஆடுவா? சுத்தி இருக்கறவங்க எல்லாம் நில்லு நில்லுன்னு கத்துறப்ப, போதும், கிளம்பலாம்னு சொல்ல எவ்வளவு துணிச்சல் வேணும் தெரியுமா?"

அறையே சிரித்தது. "உங்ககிட்ட வாய் குடுத்துட்டு மீள முடியுமாக்கா!" என்றவர், என் கண்ணெதிரே மதிப்பெண்ணை உச்சத்துக்கு உயர்த்தினார். என் குறிப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

சென்ற வாரம் தொலைபேசியில், "திரும்பி வந்தா தோத்துட்டேன்னு சொல்வாங்கம்மா" என்றாய். உன் கணவர் வீட்டாரைப் பற்றி நான் எதுவும் வினவப்போவதில்லை. அன்று உன் குரல் ஏன் அத்தனை தாழ்ந்திருந்தது என்றும் கேட்கமாட்டேன்.

உன் அறைக்குப் புதிய திரை தைத்து மாட்டியாயிற்று. வாசற்கதவின் சாவிக்கு அப்பா ஒரு நகல் எடுத்து வந்தார். "தபால்ல தொலைஞ்சா பூட்டையே மாத்திக்கலாம், நீ அனுப்பு" என்கிறார். அந்தச் சாவியை இத்துடன் இணைத்துள்ளேன்.

இங்ஙனம்,
பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டும் தளபதிகளுக்குத் தீர்ப்பெழுதும்
உன் அம்மா