இறங்கு என்று நீ எழுதி வைத்தது

இன்று காலை வெள்ளவத்தை வீட்டு வாசலுக்கு ஒரு பொதி வந்தது. கத்தரியால் வெட்டித் திறந்தவுடன் புது நைலோனும் அச்சு மையும் கலந்த நாற்றம் மூக்கில் அடித்தது. உள்ளே, உன் நினைவாகச் சைக்கிள் கழகம் அடித்த ஜேர்சி. முதுகில் உன் முகம். மேலே ஒரு ரயர் விளம்பரம், கீழே ஒரு குளிர்பான விளம்பரம், நடுவில் நீ பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய். உன் நினைவுச் சைக்கிள் ஓட்டம் முடிந்து மூன்று கிழமையாகிறது, உடுப்பு இப்போதுதான் வருகிறது. ஊதா உனக்குப் பிடித்த நிறமாம். நீ ஊதா உடுத்து நான் ஒருநாளும் கண்டதில்லை.

நீ போனபிறகு இவர்களுக்கு உன்மேல் பொங்கி வழிகிற அன்பைப் பார்த்தால் உனக்கே சிரிப்பு வரும். உயிரோடு இருந்த காலத்தில் நம் இருவரையும் ஒரு ஓட்டத்துக்குக் கூப்பிட்டார்களா? கழகத்துத் தலைவன், அந்தத் தாடிக்காரத் தம்பி, நம் முகத்துக்கு நேரே சொன்னது நினைவிருக்கிறதா? "அன்ரிமார் வந்தா எங்கட அவறேஜ் ஸ்பீட் விழுந்திடும்." அப்போது நமக்கு நாற்பத்தாறு வயது. கந்தோர் வேலையில் அவனைவிட வயதான ஆண்களை மேய்த்துக்கொண்டிருந்தோம். நீ ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு உன் கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் போய்விட்டாய். நான்தான் ஒரு மாதம் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இவர்களுடைய கூத்தில் எனக்கு மிகவும் பிடித்தது "கிரவல்" என்ற சொல். மலைநாட்டுச் சனம் தங்கள் கிரவல் கல் றோட்டுக்குத் தார் போடச் சொல்லி ஒவ்வொரு தேர்தலுக்கும் மனுக் கொடுக்கிறது. கர்ப்பிணியை அந்த றோட்டால் ஓட்டோவில் கொண்டுபோவது என்னவென்று அவர்களிடம் கேட்கவேண்டும். இவர்களோ ஒரு வேனின் விலைக்குச் சைக்கிள் வாங்கி, அதே கல்லில் குலுங்குவதற்கு நூற்றைம்பது கிலோமீற்றர் தாண்டிப் போகிறார்கள். எங்கேயாவது தார் போட்டுவிட்டால் கழகத்து வாட்ஸப் குழுவில் ஒப்பாரி வைக்கிறார்கள். நாமும் அந்தப் பைத்தியங்களில் இரண்டுதான் என்று நீ சொல்வாய். சொல்லு, பரவாயில்லை.

பண்டாரவளைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பாதையை நாம்தான் கண்டுபிடித்தோம். கண்டுபிடித்தோம் என்று சொல்வதும் திமிர்தான், அங்கே ஐந்து தலைமுறை நடந்திருக்கிறது. உன் தம்பி வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்ட முதல் நாள், பசி காதை அடைத்தது. சந்தியில் விறகுக்கட்டோடு ஒரு தோட்டத்துக்காரி நின்றாள், மாரியாயி; அவளிடம் நீ வழி கேட்டாய்.

"நேரா போங்கம்மா, பெரட்டுக்களம் வரும். லயத்துக்கிட்ட எறங்கித் தள்ளிக்கிட்டுப் போங்க, புள்ளைங்க குறுக்கால ஓடும்."

நீ பூரித்துப் போனாய். "கேட்டியே? பிரெட்டுக்களமாம். எங்கட கோலத்தைப் பாத்திட்டு மனிசி பாணை இங்கிலீசில சொல்லுது."

பிறந்ததிலிருந்து பாண் தின்று வளர்ந்த இரண்டு கொழும்புத் தமிழச்சிகள், மலை நடுவில் ஒரு பேக்கரியைத் தேடி இறங்கினோம். பள்ளத்தில் ஒரு வெறும் மைதானமும் கொழுந்து நிறுக்கும் கொட்டகையும்தான் இருந்தன. பின்னால் வந்து சேர்ந்த மாரியாயியிடம், "பிரெட் எங்க அம்மா விக்கினம்?" என்று நீ கேட்டாய். அவள் விறகுக்கட்டைக் கீழே போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பிரெட்டா? இது பெரட்டும்மா! காலையில வேலைக்குப் பேரு கூப்புடுற எடம். பாணும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரொட்டி தட்டித் தாரேன், வாங்க."

லயம் என்கிற அந்த வரிசை வீடுகளில் அவளுடைய வாசலில் உட்கார்ந்து கட்டைச்சம்பலோடு ரொட்டி தின்றோம். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நீ சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது வேனில் சொன்னாய்: "அவ எங்களுக்கு ரெண்டு விசயம் சொன்னவ. நாங்கள் பிரெட்டை மட்டும் பிடிச்சுக்கொண்டு, இறங்கச் சொன்னதை விட்டிட்டம். அந்தப் பிள்ளையளுக்கு நடுவால சறுக்கிக்கொண்டு வந்தனாங்கள்." அதற்குப் பிறகு ஆறு வருடம், அந்த முதல் லயம் கண்ணில் பட்டதும் நீ சைக்கிளை விட்டு இறங்கிவிடுவாய். மழையிலும் இறங்குவாய். மைதானம் தாண்டும்வரை அரைக் கிலோமீற்றர் தள்ளிக்கொண்டே நடப்பாய். ஒவ்வொரு வாசலிலும் உன்னோடு கதைப்பதற்கு யாராவது இருப்பார்கள். உன் மூக்குக்கண்ணாடியைப் பார்த்து உனக்குக் கண்ணாடியம்மா என்று பெயரும் வைத்தார்கள். நான் முணுமுணுத்துக்கொண்டு பின்னால் வருவேன். ஒருநாள் யாரையோ நக்கலடித்தேன். நீ திரும்பிப் பார்த்து, "உனக்கு ஆக்களைப் பாத்துச் சிரிக்கத் தெரியும், சொல்லிக் குடுக்கத் தெரியாது" என்றாய். எனக்குக் கோபம் வந்தது.

பிறகு உனக்கு அந்த நோய். எட்டு மாதம். சைக்கிளில் பூட்டியிருந்த அந்தச் சின்ன வழிகாட்டிப் பெட்டியை என் கையில் வைத்து, கேட்கிறவர்களுக்குக் கொடு, பாதையைப் பூட்டி வைக்காதே என்றாய். அதனால்தான் தாடிக்காரத் தம்பி உன் நினைவு ஓட்டத்துக்குப் பாதை கேட்டு வந்து நின்றபோது கொடுத்தேன். நீ சொல்லியிராவிட்டால் படியேற விட்டிருக்க மாட்டேன்.

முதல் லயத்துக்கு நேரே அந்தப் பெட்டியின் வரைபடத்தில் நீ தமிழில் ஒரு குறிப்பு வைத்திருந்தாய்: "பிரெட் இல்லை. இறங்கு." தம்பிக்குத் தமிழ் வாசிக்க வராது. வீட்டில் அம்மாவைக் கொண்டு வாசித்திருக்கிறான். இரண்டு நாளில் நினைவு ஓட்டத்தின் வரைபடம் குழுவில் வந்தது. அந்த இடத்தில், இங்கே சாப்பாடு கிடைக்காது, கையோடு கொண்டு வரவும் என்று ஒரு குறிப்பு. அதற்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு அம்புக்குறி: இறக்கம், அரைக் கிலோமீற்றர், நேரம் கணக்கெடுக்கப்படும், வேகமாக வருபவருக்கு உன் பெயரில் கிண்ணம்.

உன் பெயரில் கிண்ணம்! முதல் நாளுக்குப் பிறகு நீ சைக்கிள் மிதிக்காத அரைக் கிலோமீற்றருக்கு! கட்டிலில் உட்கார்ந்து தனியாகக் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். இந்த மேதாவிகள் சோற்றுப் பொதியைக் கட்டிக்கொண்டு போய் மாரியாயியின் முன்னால் அசடு வழிவதை நினைக்க நினைக்க இனித்தது. போகட்டும், பட்டுத் தெளியட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஓட்டத்தன்று முப்பது பேர். என்னைக் கடைசியில் விட்டார்கள், வழக்கம்போல. நான் மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது ஒரு சைக்கிள் வாய்க்காலில் கிடந்தது. விறகு சிதறியிருந்தது. மாரியாயி நிலத்தில் உட்கார்ந்து வலது கையை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு இருக்கவேண்டிய பக்கத்தில் இல்லை. இடித்தவன் முழங்காலில் நின்று சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். "ரிம் வளைஞ்சிட்டுது போல மச்சான்." தாடிக்காரத் தம்பி என்னிடம் ஓடி வந்தான். "மனுசி திடீரெண்டு குறுக்கால வந்திட்டா அன்ரி. மெப்பில டவுன்ஹில் எண்டுதானே கிடக்கு."

ஆறு வருடமாகச் சேர்த்து வைத்த அத்தனையையும் அவன் முகத்தில் கொட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் மாரியாயி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அழக்கூட இல்லை. எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"கண்ணாடியம்மா வரலீங்களா? அவுங்க வந்திருந்தா இவங்கள எறங்கச் சொல்லியிருப்பாங்க."

உனக்கு இந்தமுறை வர ஏலாமல் போய்விட்டது என்று பொய் சொன்னேன். தோட்டத்து லொறியில் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒவ்வொரு குழிக்கும் அவள் கை என் மடியில் துள்ளியது. அந்தக் கையால் இனி ரொட்டி தட்ட முடியுமோ என்று டொக்டரிடம் அவள் கேட்டாள். அவர் பொறுத்துப் பார்ப்போம் என்றார்.

இன்று அந்த ஜேர்சியைப் பார்த்த பிறகுதான் உனக்கு இதை எழுதத் தொடங்கினேன். நீயே பார், முக்கால்வாசி அவர்களைத் திட்டியே ஓட்டிவிட்டேன். அவர்கள் திட்டத் தகுந்தவர்கள்தான், ஒரு சொல்லையும் திருப்பி எடுக்க மாட்டேன். ஆனால் உன்னிடம் ஒன்றை மறைத்தேன். வரைபடம் வந்த அன்று நான் சிரித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. குழுவில் ஒரு செய்தி எழுதினேன்: "இறக்கம் இல்லை, சைக்கிளை விட்டு இறங்கவேண்டும்." அனுப்பப் போகும் நேரத்தில் தம்பியின் செய்தி வந்தது, அன்ரிமார் பின்னால் மெதுவாக, ஆறுதலாக வரலாம் என்று. எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.

நீ எழுதிய சொல்லுக்கு அந்த முப்பது பேரில் ஒருவனுக்கும் பொருள் தெரியாது. எனக்குத் தெரியும்.